உபயகாரர் யார்?

யாழ்ப்பாணத்துக் கோயிலொன்றிலே கொடியேற்றத்துக்கு அறிவித்தல் அச்சிடுங் காலத்தில், சுவாமியின் திருநாமத்துக்கு அடுத்தபடியாக அச்சகத்தார் பிழையறக் கோக்க வேண்டுவது உபயகாரரின் பெயர்களையே. முதலாந் திருவிழா இன்னார், பூங்காவனம் இன்ன குடும்பத்தார், தேர்த்திருவிழா கடல் கடந்து வாழும் இன்ன ஊரவர் என்று நிரல் நீளும். ஒரு பெயர் விடுபட்டதாயின் அடுத்த ஆண்டுக் கொடியேற்றம் வரை அந்த வழக்குத் தீராது. தீவுப்பகுதியிலே இவ்வழக்கம் இன்னுஞ் சிறிது அழுத்தமானது. கிணற்றுக் கட்டிலே ஒரு பெயர். மடத்துத் தூணிலே ஒரு பெயர். பாடசாலைப் பிள்ளைகள் அமரும் வாங்கின் முதுகிலே ஒரு பெயர். குழல் விளக்கின்மேல் 'உபயம்' என்று பெரிதாக எழுதி, விளக்கின் வெளிச்சத்தையே மறைத்துவிடும் அன்பர்களைப் பற்றி நாம் நகைப்பதும் உண்டு.

நகைக்கலாம், ஆயினும் அவ்வழக்கத்துள்ளே ஊர்ப்புத்தி ஒன்று இருக்கிறது. கொடுத்தவர் யாரென்பது எழுதப்பட்டிருப்பதால், அவர் கோயிலிலே எவ்வளவு அதிகாரம் செலுத்துகின்றார் என்பதை ஊர் அளந்துகொள்கிறது. தர்மகர்த்தா யாருக்கு முதற் காளாஞ்சி கொடுக்கிறார், யாருடைய வாயிலில் சுவாமி சற்று அதிக நேரம் தரித்து நிற்கிறார் என்பவற்றையெல்லாம் பட்டியலோடு பொருத்திப் பார்த்து, மாலையிலே தேநீர்க் கடையில் தீர்ப்பும் வழங்கிவிடுகிறது.

அபிப்பிராயங்களுக்கு இத்தகைய பட்டியல் இல்லை. அதுவே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி.

எழுவைதீவிலே பிறந்தவன் என்ற முறையில் ஓர் உதாரணத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன். ஊர்காவற்றுறையிலே படகேறி அடைய வேண்டிய சின்னஞ்சிறு தீவு அது. பனையும் கடலுமே அதன் செல்வங்கள். டீசல் இயந்திரமொன்றையே நம்பியிருந்த அவ்வூருக்கு, 2010களின் பிற்பகுதியிலே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சுமார் 60 கிலோவாற்று வலுவுள்ள கலப்பு மின்னமைப்பொன்று வந்து சேர்ந்தது. காற்றாடிகள், சூரியத் தகடுகள், மின்கலங்கள், இவை சோர்ந்தால் கைகொடுக்க டீசல் இயந்திரம் என நான்கும் ஒன்றாய் இணைந்த அமைப்பு அது. நாட்டின் பெரு நகரங்களுக்கு முன்னதாகவே இத்தகைய பரீட்சையொன்றுக்கு எழுவைதீவு களமானது எங்களுக்கு ஒரு சிறு பெருமை. பணம் யாருடையது, கட்டியவர் யார், பொறுப்பு யாரிடம் என்பவற்றில் ஒளிவு மறைவு இருக்கவில்லை.

அயலிலுள்ள அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றுக்கும் இதனையே பெரிய அளவிலே செய்ய முற்பட்டபோதுதான் உலகம் எங்கள் பக்கம் திரும்பியது. அவ்வேலையைச் சீனக் கம்பெனியாகிய சினோ சோர், எரெக்வின் கூட்டுக்கு வழங்க 2021ஆம் ஆண்டு சனவரியிலே இலங்கை அமைச்சரவை இணங்கியது. நெடுந்தீவிலிருந்து இந்தியக் கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றரே என்பதைச் சுட்டி இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச் 28ஆந் திகதி இந்தியாவுடன் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 2024 மார்ச் 1ஆந் திகதி, இந்திய அரசின் நன்கொடையாகிய சுமார் 1 கோடியே 10 இலட்சம் டொலரைக் கொண்டு, 2,230 கிலோவாற்று வலுவுக்கான ஒப்பந்தம் பெங்களூரைச் சேர்ந்த கம்பெனியொன்றுக்கு வழங்கப்பட்டது.

இந்த மூன்றாண்டுக் கதையிலே ஒவ்வொரு தொகையும் ஒவ்வொரு பெயரும் பத்திரிகையிலே அச்சாகியிருக்கின்றன. அச்சாகாதது ஒன்றுண்டு. அக்காலத்திலே எங்கள் தீவுகளைப் பற்றிக் கொழும்பிலும் புதுடில்லியிலும் அப்பாலும் எழுந்த அபிப்பிராயங்கள் எண்ணில. 'சிரேட்ட ஆய்வாளர்', 'பணிப்பாளர்', 'மதிப்புறு உறுப்பினர்' என்ற பட்டங்களோடு அறிஞர் பலர் எழுதினர், தொலைக்காட்சியிலே பேசினர். ஒருவருக்கு எங்கள் தீவு ஒற்றர் கோபுரம். ஒருவருக்கு அது அபிவிருத்தியின் வாயில். இன்னொருவருக்கு அது கடற்பாதையிலே ஒரு புள்ளி. அதே காலத்தில் கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி எழுந்த வாதங்களிலும் இத்தகைய குரல்களே ஒலித்தன. அவர்களிலே நேர்மையற்றவர் யாரென்று நான் சுட்டவில்லை. சுட்ட என்னிடம் ஆதாரமும் இல்லை. நான் கேட்பது வேறு. காற்றாடி நிறுவியவரின் கணக்கைக் கேட்கும் நாங்கள், எங்கள் தலைவிதியைப் பற்றி அறிக்கை எழுதியவரின் செலவை யார் ஏற்றார் என்று ஏன் கேட்பதில்லை? காற்றுமின் வியாபாரமும் துறைமுக வியாபாரமும் மீன் ஏற்றுமதி வியாபாரமும் உள்ள உலகிலே, அவ்வறிக்கைகளுள் ஒன்றுக்கேனும் அவ்வியாபாரிகளின் பணம் போயிருக்கக்கூடாது என்று எதைக் கொண்டு நம்புவது?

இத்தகைய ஆய்வுத் தாபனங்களை இப்போது 'சிந்தனைக் குழாம்' என்கிறார்கள். பல்கலைக்கழகமுமன்று, அரசாங்கத் திணைக்களமுமன்று, கட்சியுமன்று. மூன்றுக்கும் நடுவே நின்று ஆட்சியாளருக்கு யோசனை சொல்லுவது இதன் தொழில். நம் நாட்டிலே இது புதிதன்று. மார்க்க நிறுவனம் 1972இலே தோன்றியது. நீலன் திருச்செல்வம் முதலானோர் முயன்று நிறுவிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 1982இலே தோன்றியது. கொள்கை ஆய்வு நிறுவனம் 1988ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தினாலே பிறந்தது. அதன் இளமைக்கு நெதர்லாந்து அரசாங்கம் பாலூட்டியது என்பதை அந்நிறுவனமே மறைத்ததில்லை. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. இனப்பிரச்சினையைப் பற்றிப் பேசுவதே ஆபத்தாயிருந்த காலத்திலே, பேசுவதற்கு ஒரு கூரையேனும் தந்தவை இத்தகைய தாபனங்கள். ஆகவே 'பணம் வாங்குகிறவன் எல்லாம் விலைபோனவன்' என்ற தேநீர்க்கடைச் சித்தாந்தம் எனக்கு உடன்பாடன்று. காகிதத்துக்கும் கூலி உண்டு; ஆராய்ச்சியாளனுக்கும் வயிறு உண்டு.

இந்தியாவிலே ஒப்சேவர் ஆய்வு மன்றம் 1990இலே ஆர். கே. மிஸ்ராவால் தொடங்கப்பட்டபோது அதன் பின்னே நின்றது ரிலையன்ஸ் தாபனம். பல ஆண்டுகளாக அதன் வரவிலே மிகப் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. பின்னர் அம்மன்றம் வேறு வழிகளிலும் பணந் தேடி, நன்கொடையாளர் பட்டியலையும் வெளியிடலாயிற்று. அம்மன்றத்தார் இலங்கையைப் பற்றியும் நிறைய எழுதுகின்றனர். வாசிப்பவன் அவ்வரலாற்றை அறிந்து வாசிக்கிறான். வேண்டிய இடத்திலே ஒரு பிடி உப்பைச் சேர்த்துக்கொள்கிறான். அறிந்து வாசிப்பதற்கும் அறியாது வாசிப்பதற்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று.

அத்தூரம் எவ்வளவு என்பதை இலக்கியக்காரராகிய நமக்கு உணர்த்தப் பழைய கதையொன்று உண்டு. 1950ஆம் ஆண்டு சூன் மாதத்திலே மேற்கு பெர்லினிலே எழுத்தாளரும் தத்துவஞானிகளும் கூடிக் 'கலாசார சுதந்திர காங்கிரஸ்' என்ற அமைப்பை உண்டாக்கினர். அதன் ஆதரவிலே 1953இலே இலண்டனிலிருந்து 'என்கவுண்டர்' என்ற சஞ்சிகை வெளிவரலாயிற்று. கவிஞர் ஸ்டீபன் ஸ்பென்டரும் ஏர்விங் கிறிஸ்டலும் முதலாசிரியர்கள். அக்காலத்து ஆங்கிலச் சஞ்சிகைகளிலே அதற்கு நிகரானவை மிகச் சிலவே. இந்தியாவிலும் அதன் கிளை பரவியது. பம்பாயிலே கவிஞர் நிசிம் எசக்கியல் ஆசிரியராயிருந்து 'குவெஸ்ட்' சஞ்சிகையை நடத்தினார். செலவெல்லாம் எங்கிருந்து? பார்பீல்ட் அறநிலையம் முதலிய தரும தாபனங்களிலிருந்து என்பதே விடை. மதுபான, ஈஸ்ட் வியாபாரத்திலே பெருஞ் செல்வமீட்டிய குடும்பத்தவராகிய ஜூலியஸ் பிளைஷ்மன் அந்த அறநிலையத்தின் தலைவர். செல்வர் ஒருவர் கலைக்குக் கொடுக்கிறார் என்றுதான் உலகம் எண்ணியது.

1966 ஏப்ரலிலே 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையும், மறு ஆண்டிலே 'ரம்பார்ட்ஸ்' முதலிய சஞ்சிகைகளும் திரையை விலக்கின. அறநிலையம் வெறும் வாய்க்கால். ஊற்று அமெரிக்க உளவுத் தாபனமாகிய சி.ஐ.ஏ. காங்கிரசின் நிருவாகத் தலைவராகிய மைக்கேல் ஜோசல்சனே அத்தாபனத்தின் ஆள். 1967இலே ஸ்பென்டரும் அவருடன் ஆசிரியராயிருந்த பிராங்க் கெர்மோடும் விலகினர். தமக்கு எதுவும் தெரியாதென்று ஸ்பென்டர் கூறினார்.

இங்கே நான் சிறிது நேரம் நிற்க விரும்புகிறேன். 'என்கவுண்டரி'லே எழுதியவர்களுட் பெரும்பாலோர் தாம் நம்பியதையே எழுதினர். எவரும் அவர்கள் கையைப் பிடித்து எழுதுவித்ததாகத் தெரியவில்லை. அப்படியாயின் தீங்கு என்ன? தீங்கு, அவர்களுடைய நேர்மையை அவர்கள் அறியாமலே வேறொருவர் செலவழித்துவிட்டார் என்பது. பதினான்கு ஆண்டுகளாக எழுதிய உண்மை வாக்கியங்களையும் வாசகன் திரும்ப எடுத்து, 'இதுவும் கூலிக்கோ?' என்று ஐயுறலாயினான். அறிந்தவர் சிலர், அறியாதவர் பலர், பழியோ எல்லார்க்கும். தலைமையிலிருந்தவர் ஒருவர் மௌனம் சாதித்ததன் விலையை, தலைமையிலே பங்கில்லாத கவிஞர்களும் கட்டுரையாளர்களும் கொடுக்க நேர்ந்தது.

அது அரசாங்கப் பணத்தின் கதை. கம்பெனிப் பணத்துக்கு அதே 1967ஆம் ஆண்டே இன்னொரு கதையைத் தருகிறது. இக்கதையிலே துப்பாக்கியும் ஒற்றரும் இல்லை, சீனி மாத்திரமே உண்டு. அமெரிக்கச் சீனி உற்பத்தியாளரின் ஆய்வு மன்றம் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் போசாக்கு அறிஞர் மூவரிடம், இருதய நோய் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கட்டுரையொன்றை எழுதுவித்தது. அம்மூவருள் ஒருவராகிய பிரெட்ரிக் ஸ்ரேயர் அத்துறையின் தலைவர். கொடுக்கப்பட்ட தொகை 6,500 டொலர்; இக்கால மதிப்பிலே ஏறத்தாழ 50,000 டொலர். கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையிலே இரு பகுதிகளாக வெளிவந்தது. குற்றம் முழுவதும் கொழுப்பின்மேல் ஏற்றப்பட்டது, சீனி தப்பிக்கொண்டது. பணம் தந்தவர் யாரென்ற குறிப்புக் கட்டுரையிலே இல்லை. அக்காலத்தில் அந்தச் சஞ்சிகை அத்தகைய குறிப்பைக் கேட்டதுமில்லை. 2016ஆம் ஆண்டிலேதான் ஆராய்ச்சியாளர் சிலர் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து இதனை வெளியிட்டனர். அக்கடிதங்களிலே எனக்குப் பெரிதாகத் தோன்றியது தொகையன்று. கட்டுரையின் நோக்கத்தை வகுத்ததும், சேர்க்க வேண்டிய ஆய்வுகளைக் கொடுத்ததும், அச்சாகுமுன் வரைவைப் பார்த்ததும் பணந் தந்தவரே என்பதுதான் பெரிது. உபயகாரர் திருவிழாச் செலவைக் கொடுப்பது ஒன்று. மந்திரத்தையும் அவரே திருத்துவது வேறொன்று.

ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் வைத்தியர் நோயாளிக்குச் சொன்ன புத்திமதியிலே அந்தக் கட்டுரைக்கும் ஒரு பங்கு இருந்தது. நீரிழிவு இல்லாத வீடு தேட வேண்டியிருக்கும் நம் நாட்டிலே இதனைத் தூர தேசத்துச் செய்தியென்று ஒதுக்க முடியாது.

பெயரை வெளியிட்டுவிட்டால் எல்லாந் தீர்ந்துவிடுமோ என்றால், தீராது. வாஷிங்டனிலே நியூ அமெரிக்கா என்ற சிந்தனைக் குழாம் 1999இலே தொடங்கப்பட்டது. கூகுள் கம்பெனியும் அதன் தலைவராயிருந்த எரிக் ஷ்மிற்றின் குடும்ப அறநிலையமும் அதற்குக் கொடுத்த தொகை 2 கோடியே 10 இலட்சம் டொலருக்கு மேல். அது இரகசியமன்று; அங்குள்ள பெரிய கூட்ட மண்டபத்துக்கே ஷ்மிற்றின் பெயர். 2017 சூனிலே ஐரோப்பிய ஆணைக்குழு கூகுளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தபோது, அக்குழாத்திலே ஏகபோக வியாபாரத்தை ஆராயும் பிரிவை நடத்திய பரி லின் அத்தீர்ப்பைப் பாராட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். சில வாரங்களுள் அவரும் அவருடைய பத்துப்பேர் கொண்ட குழுவும் வெளியேற நேர்ந்தது. கூகுளின் சொற்படி அன்று, லின்னின் நடத்தை ஒத்துழைப்புக்கு மாறானது என்பதே காரணம் என்றார் தலைவர் ஆன்மரி ஸ்லோட்டர். அதனை நம்பியவரும் உளர், நம்பாதவரும் உளர்.

ஆயினும் அக்கதையிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுளின் பெயர் எல்லார்க்கும் தெரிந்திருந்தமையாலன்றோ கேள்வியே எழுந்தது! பத்திரிகைக்காரன் கேட்டான், தலைவர் விடை சொல்ல வேண்டியதாயிற்று, உலகம் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தது. பார்பீல்ட் அறநிலையத்தின் காலத்திலே ஸ்பென்டரிடம் கேட்பதற்கு யாரிடமும் கேள்வியே இருக்கவில்லை. பெயர் எழுதுவது தூய்மையை உண்டாக்காது. ஆனால் நிறுத்துப் பார்ப்பதற்கு ஒரு படிக்கல்லைத் தருகிறது.

தலைவர்களின் பொறுப்பு இவ்விடத்திலேதான் கனக்கிறது. ஒரு சிந்தனைக் குழாத்தின் தலைவருக்கு இரண்டு வேலை. செல்வரிடம் சென்று கை நீட்டுகிறவரும் அவரே. அறிக்கையின் முகவுரையிலே 'இது சுயாதீனமான ஆய்வு' என்று கையொப்பமிடுகிறவரும் அவரே. இளம் ஆராய்ச்சியாளனுக்குப் பணம் எங்கிருந்து வந்ததென்று பலவேளை தெரியாது; ஆகவே அவனை வினாவிப் பயனில்லை. வோஷிங்டனிலுள்ள புகழ்பெற்ற புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்குக் கத்தார் அரசு நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 48 இலட்சம் டொலர் தர உடன்பட்டிருந்ததை 2014இலே 'நியூயோர்க் ரைம்ஸ்' எழுதியது. 2022 சூனிலே அதன் தலைவர் ஜோன் அலன் பதவி துறந்தார். அவர் அப்பதவிக்கு வருமுன், 2017இலே, கத்தாருக்காக மறைவிலே பரிந்து பேசினாரா என்ற விசாரணை அப்போது வெளியாகியிருந்தது. அவர் குற்றத்தை மறுத்தார்; 2023இலே குற்றச்சாட்டு எதுவுமின்றி விசாரணை கைவிடப்பட்டது. சட்டத்தின் முன் அவர் குற்றமற்றவர். எனினும் ஒரு தலைவரின் பெயரிலே நிழல் விழுந்ததும், அந்த நிறுவனத்திலே நேர்மையாய் உழைத்த எத்தனையோ பேரின் அறிக்கைகள்மேலும் அந்நிழல் படர்ந்தது.

இவ்வளவும் எழுதிய பின்னர், நமது பகுதிக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். 'உனக்கு எங்கிருந்து பணம் வருகிறது?' என்ற கேள்வியை வடக்கிலே நாங்கள் கேட்டுப் பழகியது வாசகர் வாயிலிருந்தன்று. காணாமற்போனோரின் தாய்மாருக்குக் கூட்டம் ஒழுங்குசெய்த சங்கத்தாரிடமும், விதவைகளுக்குத் தையல் இயந்திரம் வாங்கிக்கொடுத்த மாதர் குழுவிடமும், சீருடையற்ற உத்தியோகத்தர் வந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்ட கேள்வி அது. அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் 2010இலே பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது என்பதே அக்கேள்வியின் குணத்தைக் காட்டும். இந்தியாவிலும் 1973இலே தோன்றிய கொள்கை ஆய்வு மையம் என்ற மதிப்புமிக்க தாபனத்துக்கு வெளிநாட்டுப் பணம் பெறும் அனுமதி 2023 பெப்ரவரியிலே இடைநிறுத்தப்பட்டு, 2024 சனவரியிலே இரத்துச் செய்யப்பட்டது. அதன் தலைவர் யாமினி ஐயர் மார்ச்சிலே விலகினார். அரசாங்கத்தைக் குறைகூறுகிறவரின் கணக்குப் புத்தகமே முதலிலே திறக்கப்படும் என்பது இருகரைக்கும் பொதுவான அனுபவம்.

ஆகவே, பணத்தின் மூலத்தைச் சொல்லவேண்டும் என்றவுடனே நல்லவர் சிலர் முகஞ் சுளிப்பதை நான் அறிவேன். அவர்களுடைய அச்சம் நியாயமானது. எனினும் மௌனம் அந்த அச்சத்துக்கு மருந்தாகாது. உத்தியோகத்தரின் குறிப்புப் புத்தகத்திலே எல்லாம் எழுதப்பட்டிருக்க, வாசகனுக்கு மாத்திரம் ஒன்றும் தெரியாதிருப்பது என்ன நியாயம்? அரசாங்கம் அறிந்து ஊர் அறியாத இரகசியம், அரசாங்கத்தின் கையிலுள்ள சாட்டை. ஊரறியச் சொன்னதைக் கொண்டு எவரும் எவரையும் மிரட்ட முடியாது.

நம் சட்டத்திலே ஒரு விசித்திரமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்கத்தாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதியூட்டப்பட்டு மக்களுக்குச் சேவை செய்யும் அரசசார்பற்ற நிறுவனங்களையும், அச்சேவையின் அளவுக்கு, தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளூர்க் கம்பெனியொன்று ஒரு சிந்தனைக் குழாத்தைத் தன் பணத்தாலே நடத்தினால், அந்த வரைவிலக்கணம் அதனைத் தொடாது. நோர்வே அரசு மாதர் குழுவுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி எழுவைதீவிலுள்ள ஒரு பெண் மனுப்போட்டுக் கேட்கலாம். அவளுடைய கடலைக் குத்தகைக்கு எடுக்க விரும்பும் கம்பெனி, அக்குத்தகையைப் புகழ்ந்து அறிக்கை எழுதுகிறவருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிக் கேட்க அவளுக்கு அந்த வழியில்லை. அந்நியப் பணம் ஆபத்தானது, சுதேசிப் பணம் சுத்தமானது என்ற பழைய எண்ணம் சட்டத்துக்குள்ளேயும் புகுந்துவிட்டது போலும். சீனி உற்பத்தியாளர் ஹாவார்டுக்குக் கொடுத்ததும் சுதேசிப் பணந்தான்.

இவ்விடயத்திலே நாம் மேனாட்டாரிடம் கற்க வேண்டியதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இலே வெளியிட்டார். ஊராத்துறை என்று அது கூறும் எங்கள் ஊர்காவற்றுறைக்குப் பரதேசிகள் வரவேண்டும், அவர்கள் பாதுகாக்கப்படவேண்டும் என்று மன்னன் ஆணையிடுகிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. யானை குதிரைகளிலே மன்னனுக்கு விருப்பம், ஆதலாலே அங்கே பங்கு குறைவு என்பதையும் அவன் மறைக்கவில்லை. தன் சொந்த நலன் இன்னது என்று காரணத்தோடு சொல்லி, அதைக் கல்லிலே வெட்டுவித்து, வருவோர் போவோர் காணும்படி நிறுத்தினான். சிங்கள மன்னன், தமிழ்மொழியிலே. மூழ்கிய கப்பலிலே அரசனுக்கு எவ்வளவு என்பதை எண்ணூறு ஆண்டுகளின் முன் எந்தக் கடலோடியும் அறிந்துகொள்ள முடிந்தது. அச்சான அறிக்கையிலே கம்பெனிக்கு எவ்வளவு என்பதை இன்றைய வாசகன் அறிய முடிவதில்லை.

என்ன சொல்லவேண்டும் என்று கேட்பாருக்கு என் விடை சுருக்கமானது. அறிக்கையின் முதற் பக்கத்திலே, தலைவரின் கையொப்பத்தின்கீழே, அந்த வேலைக்குப் பணம் தந்தவர் யார், எவ்வளவு என்பது வரவேண்டும். அறநிலையமொன்றின் பெயர் வருமாயின் அவ்வறநிலையத்துக்குத் தந்தவர் யாரென்பதும் வேண்டும். பார்பீல்ட் கற்பித்த பாடம் அது. தாபனத்தின் பொது வரவிலே பெரும்பங்கு தந்தவருக்கு அறிக்கையின் பொருளிலே வியாபாரம் உண்டாயின் அதனையும் குறிக்க வேண்டும். பணந் தந்தவர் அச்சாகுமுன் வரைவைப் பார்த்தாரா என்பதற்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லிலே விடை வேண்டும். அச்சமுற நியாயமுள்ள சிறு நன்கொடையாளர் சிலரின் பெயரை மறைக்க வேண்டிய சந்தர்ப்பம் நம் நாட்டிலே உண்டு. அப்போது மறைத்திருக்கிறோம் என்பதையாவது சொல்லலாம். சிந்தனைக் குழாங்கள் எவ்வளவுக்கு வெளிப்படையானவை என்று நட்சத்திரமிட்டு மதிப்பிடும் முயற்சியொன்றை 2014இலே டிரான்ஸ்பரிபை என்ற அமைப்பு தொடங்கியது. பட்டியலிலே தாழ்ந்த இடம் பெற்ற தாபனங்களுள் சில, வெட்கத்தினால் சில கிழமைகளிலேயே கணக்கை வெளியிட்டன. நட்சத்திரத்துக்குக் கம்பெனித் தலைவர்களும் கல்விமான்களும் அஞ்சுவது சிறு பிள்ளைகளைப் போலத்தான். அந்த அச்சம் நல்ல அச்சம்.

சட்டம் திருந்தக் காலமெடுக்கும். ஆசிரியர்களாகிய நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் செயற்றிட்டம் எழுதுகையில் இத்தகைய அறிக்கைகளையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். அச்சில் வந்ததெல்லாம் அவர்களுக்கு வேதம். எங்கள் வாசிகசாலையிலே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அறிக்கை எதுவும் வந்து சேர்ந்தால் அதன் உள்ளட்டையிலே ஒரு மாணவன் பென்சிலால் நான்கு வரி எழுதவேண்டும்: எழுதியவர், வெளியிட்ட தாபனம், பணம் தந்தவர், வரைவைப் பார்த்தவர். முதலிரண்டு வரிகளையும் அவர்கள் ஒரு நிமிடத்திலே நிரப்பிவிடுகிறார்கள். மூன்றாவதற்காகப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள், நன்றியுரையை வாசிக்கிறார்கள், தாபனத்துக்குக் கடிதமும் எழுதுகிறார்கள். சிலவற்றுக்கு விடை வந்திருக்கிறது. நான்காம் வரி இதுவரை எந்தப் பிரதியிலும் நிரம்பவில்லை.